தொண்ணூற்றாறு மார்க் பாட்டில்

அத்தியாயம் 5

"சட்டையில என்ன பவுடர்?" என்றார் கதவைத் திறந்தவர்.

வணக்கம் சொல்ல எடுத்த கையைப் பஞ்சர் பாதியில் நிறுத்தினான். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விலாசம் தெரியாமல் நின்றது.

"பவுடர் இல்ல சார். சோப்பு."

"சோப்பும் வாசனைதான். வாசல்ல குழாய் இருக்கு. வெறும் தண்ணில கழுத்து வரைக்கும் கழுவிட்டு வாங்க. இந்த வீட்டுக்குள்ள பூ கிடையாது, சென்ட் கிடையாது, ஹேர் ஆயில் கிடையாது. என் மூக்கு வேலை செய்யற இடம் இது."

துப்பறிவாளர் ஊசி மேடம் போய்க் கழுவிக்கொண்டார். ஐம்பது வயது, வற்றல் உடம்பு. யார் எவ்வளவு காற்றடித்துக்கொண்டு வந்தாலும் இரண்டு கேள்வியில் இறக்கிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். அவருடைய உதவியாளன் பஞ்சருக்கு அந்தப் பெயர் வந்தது, இந்த வேலைக்கு வருமுன் அவன் பஞ்சர் கடை வைத்திருந்ததால். பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்களோ என்று அவனுக்கு இன்னமும் ஒரு சந்தேகம் உண்டு.

கதவைத் திறந்தவர் சுவைமன்னர். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரு பக்கம். வாரம் ஒரு நாள் மனைவி ஏதாவது சமைப்பாள். அவர் ஐரோப்பாவிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வந்த ஒரு வைன் பாட்டிலைத் திறப்பார். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் சேரும், ஏன் சேரும் என்று எழுதுவார். வைனுக்கு நூற்றுக்கு மார்க், மனைவியின் சமையலுக்குப் பத்துக்கு மார்க். இரண்டும் அச்சில் வரும்.

பத்தொன்பது வருடத்தில் அவள் வாங்கிய அதிகபட்சம் ஆறு. அந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். சாப்பாடு ஹோட்டலிலிருந்து வந்தது.

காய்கறிக் கடைக்காரர் முட்டைக்கோசை நிறுத்துக்கொண்டே, "இந்த வாரம் மூணுதானாக்கா?" என்று துக்கம் விசாரிப்பாராம். இந்தத் தகவலைச் சொன்னவரும் சுவைமன்னர்தான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

எழுதும் அறைக்கு அவர்களை அழைத்துப்போய்ப் பூட்டைத் திறந்தார். சாவி இடுப்பில் தொங்கியது. பெருக்குவதற்குக்கூட மனைவி இந்த அறைக்குள் வரக்கூடாது என்பது சட்டம். அலமாரி முழுக்க மூடிபோட்ட சின்னச் சின்னக் கண்ணாடி டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலின் கார்க், தேதி எழுதிய சீட்டோடு.

"ஏழு வாரமா என் பாட்டில்ல யாரோ கைவைக்கிறாங்க," என்றார். "நான் எழுதறது ஒன்னு, வாசகர்கள் வாங்கிக் குடிச்சா வேற ஒன்னு. இந்தக் கடிதத்தப் பாருங்க."

ஊசி வாசித்தார். 'ஐயா, எலுமிச்சை வெட்டினாற்போல் இருக்கும் என்று தாங்கள் எழுதிய கலிஃபோர்னியா வெள்ளை வைனை என் மாமனாருக்கு வினிகர் போட்ட சாலடோடு ஊற்றிக் கொடுத்தேன். உருக்கிய வெண்ணெயில் மெழுகுவத்தி கரைத்தாற்போல் இருந்தது. மாமனார் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மிக்க நன்றி.'

"இவர் திட்டறாரா, பாராட்டறாரா?" என்றான் பஞ்சர்.

சுவைமன்னர் அவனை ஒரு புழுவைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "யார் பண்றாங்கன்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுல நானும் அவளும் மட்டும்தான். ஒரு மணிக்குப் பத்திரிகை ஆசிரியர் சாப்பிட வர்றார். என் பக்கத்த நிறுத்தறதா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவு பண்ணப்போறார். நீங்க சாப்பாட்டு மேசையில எழுந்து நின்னு, பாட்டில்ல கலப்படம் பண்ணது இவதான்னு சொல்லணும்."

"கண்டுபிடிக்க வேண்டாமா?"

"நான் கண்டுபிடிச்சாச்சு. நீங்க சொன்னாப் போதும்."

மேசையில் நாலாய் மடித்த ஒரு கட்டுரை இருந்தது. வரும் ஞாயிறுக்கு. 'என் வீட்டு விஷக்கை' என்பது தலைப்பு. மனைவி என்னென்ன கலந்தாள், எவ்வளவு நன்றி கெட்டவள், இன்றோடு எப்படி வீட்டைவிட்டு அனுப்பப்பட்டாள் என்பதெல்லாம் மூன்று பக்கத்துக்கு இருந்தது. துப்பறிவாளர் வருவதற்கு முந்தின நாளே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"ரெண்டு லட்சம் பேர் படிப்பாங்க," என்றார் சுவைமன்னர் ஆசையாக. "அப்புறம் எந்த உறவுக்காரன் வீட்டுல அவ தலைகாட்டுவா?"

அந்த நேரத்தில் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே ஒரு கை உள்ளே நீண்டது. கையில் தட்டு, தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர். கைக்குப் பின்னால் ஒரு ஒடிசலான பெண்மணி.

"தம்பி, பஸ்ல டிரைவருக்குப் பின் சீட்டா?" என்றாள்.

பஞ்சருக்குப் புரையேறியது. "எப்படிக்கா தெரியும்?"

"பேண்ட்ல டீசல். அதுக்கு மேல வெங்காய பன். பன் வாங்கின கடையில எண்ணெய மாத்தி ஒரு வாரமிருக்கும். இனிமே அங்க சாப்பிடாதீங்க."

"இவ இப்படித்தான் மேடம்," என்றார் சுவைமன்னர். "எதைக் கண்டாலும் இது மாதிரி அது மாதிரின்னு உளறிக்கிட்டே இருப்பா. ஏய், போ. அங்க வெண்ணெய் கருகப்போவுது."

"இன்னும் ரெண்டு நிமிஷமிருக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊசி அவள் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தனக்குப் போட்டியாக ஒரு கடை திறந்ததைப் பார்க்கிற பார்வை அது என்று பஞ்சர் நினைத்தான்.

"போன்ல சொன்னீங்களே, அந்தத் தொண்ணூத்தாறு மார்க் பாட்டிலப் பத்திச் சொல்லுங்க," என்றார் ஊசி.

சுவைமன்னர் முகம் சிவந்தது. பிரான்ஸின் பர்கண்டியிலிருந்து வந்த பாட்டில். பன்னிரண்டு வருடச் சரக்கு. போன மாதம் மதியம் வறுத்த கோழியோடு திறந்து, 'ரோஜாவும் செர்ரியும் கைகோத்து நடக்கின்றன' என்று எழுதித் தொண்ணூற்றாறு போட்டார். மிச்சத்தைச் சாயங்காலம் சுவைஞர்கள் சங்கத்துக்கு எடுத்துப்போனார். ஆறு பேர் முகர்ந்தார்கள். முதல் ஆள் வாஷ்பேசினுக்கு ஓடினார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். இன்னும் சிரிப்பதாகக் கேள்வி.

"மத்தியானம் அமிர்தம். சாயங்காலம் சாக்கடை. நடுவுல மேசையத் துடைச்சவ யாரு? அவதானே!"

ஊசி அலமாரியில் தேதி பார்த்து ஒரு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து பஞ்சர் முகத்துக்கு நேரே நீட்டினார். ஊசி வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பஞ்சருக்குத் தெரிந்த உயர்ந்த பானம் பீர்.

"ஐயோ!" பஞ்சர் பின்வாங்கி நாற்காலியில் மோதினான். "நாலு நாள் மழையில கிடந்த அட்டைப்பெட்டி மேடம். உள்ள ஒரு நாய் குட்டி போட்டிருக்கு."

"கார்க்குக்கு வர்ற வியாதி இது. கார்க் கெட்டா வைனும் இதே நாத்தம் நாறும். வர்ற வழியில லைப்ரரில படிச்சேன்." ஊசி சுவைமன்னர் பக்கம் திரும்பினார். "இத எப்ப டப்பால போட்டீங்க?"

"திறந்த உடனே. முகர்ந்து பாத்து, தேதி எழுதி, பூட்டிடுவேன். எந்தப் பாட்டிலானாலும் அப்படித்தான்."

"சாவி?"

"என்கிட்ட மட்டும்."

"அப்ப கார்க் மத்தியானமே நாறியிருக்கு. நீங்க முகர்ந்து பாத்திருக்கீங்க."

சுவைமன்னர் டப்பாவை வாங்கி மூடினார். மூடுவதற்கு முன் அவர் அதை முகரவில்லை என்பதைப் பஞ்சர்கூடக் கவனித்தான்.

"பஞ்சர், ஷூவைக் கழட்டு," என்றார் ஊசி.

"மேடம், வேண்டாம்."

"ரெண்டையும்."

"மூணு நாளா அதே சாக்ஸ் மேடம். எனக்கும் மானம்னு ஒன்னு இருக்கு."

"அதையும் சேத்துக் கழட்டு."

கழற்றினான். அந்த அறைக்குள் அடுத்து நடந்ததை விவரிப்பது நாகரிகமில்லை. மேசை மேல் உட்கார்ந்திருந்த ஈ ஒன்று யோசித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறியது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊசி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

சுவைமன்னர் அவரைக் கனிவோடு பார்த்தார். "என்ன மேடம், ஜலதோஷமா?"

"எனக்கு இல்ல," என்றார் ஊசி.

சுவைமன்னரின் பார்வை ஊசியின் கைக்குட்டைக்குப் போய், பஞ்சரின் வெறுங்காலுக்கு இறங்கி, தரையில் கிடந்த சாக்ஸில் நின்றது. பிறகு அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். காற்று இறங்கும் சத்தம்கூடக் கேட்டதாகப் பஞ்சர் பின்னால் சத்தியம் செய்தான்.

"எப்பலருந்து?" என்றார் ஊசி.

"பதினொரு மாசம்." குரல் தாழ்ந்துவிட்டது. "ஒரு காய்ச்சல் வந்துது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் எனக்கு வெந்நீர்தான். வரலாம், வராமலும் போகலாம்னார் டாக்டர். வரல."

"அப்ப ஏழு வாரத்துக்கு முன்னாடி அந்தம்மா வச்ச சூப்புக்கு ரெண்டு மார்க் போட்டு, உப்பு கூடுதல்னு எழுதினீங்களே?"

"அதுக்கு எதுக்கு நாக்கு?" என்றார் சுவைமன்னர், நிஜமான ஆச்சரியத்தோடு. "அவளுக்கு மார்க் போட நான் என்னைக்கு ருசி பாத்தேன்?"

பஞ்சர் வாயைத் திறந்தான். அவன் தொழிலில் கிண்டல் செய்வதும் அடக்கம். ஆனால் இதற்கு மேல் கிண்டல் செய்ய அதில் இடமிருக்கவில்லை. மூடிக்கொண்டான்.

ஊசி பழைய கட்டுரைகள் ஒட்டிய நோட்டை எடுத்து விரித்தார். "காய்ச்சலுக்கு முன்னாடி உங்க வைன்லெல்லாம் வயலட் பூ, சுருட்டுப் பெட்டி, குதிரைச் சேணம். காய்ச்சலுக்கு அப்புறம் பாருங்க. அப்பதான் தோல் சீவின பீட்ரூட். இஸ்திரிப் பெட்டியில கருகின பருத்தித் துணி. அடிப்பிடிச்ச பால் பாத்திரத்த ஊறவச்ச தண்ணி. நீங்க கடைசியா எப்ப பாத்திரம் ஊறவச்சீங்க?"

"சார் ஊறினதெல்லாம் வைன்லதான் மேடம்," என்றான் பஞ்சர். தொழில் தர்மம் திரும்பி வந்துவிட்டது.

"அதுக்குத்தான் வாசகர்கள் உங்களத் தூக்கிவச்சுக் கொண்டாடினாங்க. எளிமைன்னு ஆசிரியர் கேடயம் கொடுத்தார். இந்த வார்த்தை எல்லாம் யாரோடது?"

சுவைமன்னர் தோளைக் குலுக்கினார். "பரிமாறும்போது அவ ஒரு மடக்குக் குடிச்சுட்டு உளறுவா. காதுல விழும். பொறுக்கிக்குவேன். குப்பையில கிடக்கறத எடுத்தா அதுக்குப் பேரு திருட்டா?"

"ஏழு வாரமா அந்தக் குப்பையத்தான் மாத்தியிருக்காங்க. உங்க பாட்டில யாரும் தொடல. கார்க் நாறிச்சு, வைன் நாறிச்சு. அவங்க உங்க காதுல ரோஜான்னு சொன்னாங்க. நீங்க தொண்ணூத்தாறு போட்டீங்க."

சுவைமன்னர் சிரித்தார். "அவளா? பொய்யா? பொய் சொல்ல மூளை வேணும் மேடம். அவளுக்கு..."

வாக்கியம் பாதியில் நின்றது. சிரிப்பு மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தனியாக ஓடிப்போய், ஆளைக் காணாமல் அதுவும் நின்றது. பாட்டிலில் அவள் விஷம் கலந்திருப்பாள் என்று மூன்று பக்கம் எழுதியவருக்கு, வார்த்தையில் கலந்திருப்பாள் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. விஷம் கலக்கக் கை இருந்தால் போதும். அவளுக்குக் கை இருப்பதை அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

வாசல் மணி அடித்தது. ஆசிரியர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

சுவைமன்னர் எழுந்தார். மடித்த கட்டுரையைச் சட்டைப் பைக்குள் செருகினார். நேரே சமையலறை வாசலுக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஏழு வாரமா நீ பண்ணது தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒழுங்கா சொல்ற. ஒரு வார்த்தை மாத்தின, இந்தக் கட்டுரைய மேசையிலயே அவர் கையில குடுப்பேன். ஞாயித்துக்கிழமை ஊர் பூராவும் காறித் துப்பும். புரியுதா?"

"புரியுதுங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவர் வாசலுக்குப் போனார். ஊசியும் பஞ்சரும் சமையலறைக்குள் நுழைந்தார்கள்.

அடுப்பில் இரண்டு வாணலிகள். ஒன்றில் பூண்டும் வெண்ணெயும் போட்டு வதக்கிய காளான். இன்னொன்றில் வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி இனிக்க இனிக்க வதக்கி, அதோடு வறுத்த ஆட்டுக்கறி. பஞ்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஒரு துண்டு எடுத்துக்குங்க தம்பி," என்றாள் அவள். "மார்க் எதுவும் போடாம சாப்பிடுங்க."

ஊசி நேராகக் கேட்டார். "ஏழு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துது?"

அவள் வெங்காயத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குக் காலையில எங்கம்மா போயிட்டதா போன் வந்துது. புகைப்படக்காரர் வந்துட்டார், சமைச்சு முடிச்சுட்டுப் போன்னுட்டார் இவர். சமைச்சேன். பரிமாறும்போது கொஞ்சம் அழுதுட்டேன் போல. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்துது. கண்ணீர் விழுந்து உப்பு கூடிப்போன சூப், ரெண்டு மார்க்." கரண்டியைத் தட்டி வைத்தாள். "சூப்ல நான் உப்பே போடல. மறந்துட்டேன். அவருக்கு நாக்கு செத்துப்போனது எனக்குப் பதினொரு மாசமா தெரியும். பாவம், எதையாவது சொல்லிப் பிழைக்கட்டும்னுதான் அதுவரைக்கும் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

பஞ்சர் கறியை விழுங்கினான். இன்னொரு துண்டுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்," என்றார் ஊசி. "அது என் வேலை."

"அவர் நம்பிட்டாரா?"

"முழுசா."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். கொஞ்ச நேரம் எதையோ கணக்குப் போட்டவள் போல நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி. இன்னைக்கு நிஜத்தையே சொல்லிடறேன்," என்றாள்.

கூடத்துக்குத் திரும்பும்போது பஞ்சர் கிசுகிசுத்தான். "பயந்துட்டாங்க பாவம். கட்டுரையக் காட்டி மிரட்டி மடக்கிட்டாரு மனுஷன்."

"நீ சாப்பிடற வேலைய மட்டும் பாரு," என்றார் ஊசி.

ஆசிரியர் குள்ளமாக, சுத்தமாக இருந்தார். அதிகம் பேசாதவர். பழுப்புக் காகிதத்தில் கழுத்து வரை சுற்றிய இரண்டு பாட்டில்களையும், கன்னங்கரிய இரண்டு கிளாஸ்களையும் தானே கொண்டுவந்திருந்தார். நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சுவைஞர்கள் சோதனைக்கு வைத்திருக்கும் கிளாஸ் அது.

"ரெண்டும் ஒரே திராட்சை சார். பினோ நுவார்," என்றார். "ஒன்னு பர்கண்டி. ஒன்னு கலிஃபோர்னியா. எது எதுன்னு சொல்லுங்க. அம்மா ரெண்டு வகை சமைச்சிருக்காங்க. எதுக்கு எது சேரும்னும் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா ஏழு வாரத்த மறந்துடறேன்."

"இதெல்லாம் எனக்குப் பால்பாட்டில் ஆசிரியரே," என்று சுவைமன்னர் சிரித்தார். காதோரம் வியர்வை இறங்கியது.

ஆசிரியரே திறந்தார், ஆசிரியரே ஊற்றினார். மனைவி தட்டு வைக்க வந்தாள். வழக்கப்படி இரண்டு கிளாஸிலிருந்தும் ஒரு மடக்குக் குடித்தாள். ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வீட்டு வேலையோடு வேலை என்று நினைத்திருப்பார். கணவரின் இடது பக்கம் குனிந்து காளானை எடுத்து வைத்துக்கொண்டே முணுமுணுத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பஞ்சருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இடது பக்கத்து கிளாஸ், முத்தின செர்ரியச் சர்க்கரை போட்டுக் காய்ச்சின மாதிரி. கொஞ்சம் வனிலா. வெயில் நிறைய பாத்த பழம். கறிக்கும் வெங்காயத்துக்கும் சேரும். வலது பக்கம், மழை பேஞ்சு விட்ட தோட்டம். காஞ்ச இலை. காளான் கூடையக் கவுத்த மாதிரி. இது காளானுக்கு."

பஞ்சர் சும்மா இருக்க மாட்டாமல் எட்டி மூக்கை நீட்டினான். இடது கிளாஸில் ஜாம் பாட்டில் திறந்தது. வலதில் மழை பெய்துகொண்டிருந்தது. பீர் மூக்குக்கே தெரிந்தது. அவள் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

சுவைமன்னர் இடது கிளாஸை எடுத்தார். சுழற்றினார். கண்ணை மூடி மூக்கை விட்டார். வெந்நீர். வலது கிளாஸ். அதுவும் வெந்நீர். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, பத்தொன்பது வருடமாக நின்ற அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றாள்.

அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவதைப் பஞ்சர் பார்த்தான். ஏழு வாரம் பொய் சொன்னவள். இன்று அடிபடப்போகிறோம் என்று தெரிந்தவள். பழி தீர்க்க இதைவிட நல்ல நாள் அவளுக்கு எப்போது கிடைக்கும்? கணக்கு முடிந்தது. உதட்டோரம் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது.

பஞ்சருக்கு அப்போதுதான் சமையலறையில் அவள் சொன்னது புரிந்தது. கையிலிருந்த ரொட்டித் துண்டு தட்டில் விழுந்தது.

"இடதுதான் பர்கண்டி!" சுவைமன்னரின் குரல் கணீரென்று எழுந்தது. "மழை பெய்து ஓய்ந்த தோட்டம். காய்ந்த இலைகள். காளான் கூடையைக் கவிழ்த்தாற்போல! இத காளானோட சாப்பிடணும். வலது பக்கம் கலிஃபோர்னியா. முற்றிய செர்ரியைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சினாற்போல், ஒரு சிட்டிகை வனிலா. கறிக்கு அதுதான். குழந்தைகூடச் சொல்லும்."

ஆசிரியர் காளானில் ஒரு துண்டு எடுத்து மென்று, இடது கிளாஸிலிருந்து ஒரு மடக்குக் குடித்தார். சைக்கிள் மேல் லாரி ஏறியதைப் பார்த்தவர் முகம் அவருக்கு வந்தது. கறியை எடுத்து வலது கிளாஸோடு முயன்றார். இந்த முறை லாரி மேல் சைக்கிள்.

காகிதத்தைப் பிரித்தார். இடது கிளாஸில் ஊற்றிய பாட்டில் கலிஃபோர்னியா.

"சும்மா தப்பா சொல்லியிருந்தீங்கன்னா வயசாச்சுன்னு விட்டிருப்பேன் சார்," என்றார் ஆசிரியர். "வலது கிளாஸ்ல இருக்கறத அச்சு அசலா வர்ணிச்சு, இடது கிளாஸக் கையில பிடிச்சிருக்கீங்க. இத இந்த கிளாஸ்ல முகர்ந்து யாராலயும் சொல்ல முடியாது. யாரோ உங்களுக்குச் சொன்னத நீங்க வேணும்னே மாத்திச் சொன்ன மாதிரி இருக்கு."

"சதி!" சுவைமன்னர் சட்டைப் பையிலிருந்து கட்டுரையை இழுத்தார். "இவ பண்ண சதி! இதப் படிங்க, எல்லாம் எழுதி வச்சிருக்கேன். இவ என் பாட்டில்ல..."

"என் பாட்டில் சார். நான் வாங்கினேன், நான் திறந்தேன், நான் ஊத்தினேன். அம்மா இதுல எங்க வர்றாங்க?" கட்டுரையை வாங்கினார். மடிப்பைப் பிரிக்காமலே மேசையில் வைத்து, ஈரம் சொட்டிய பாட்டிலை அதன் மேல் நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை உங்க இடத்துல ஒரு டயர் விளம்பரம் வரும்."

"நல்ல முடிவு சார்," என்றான் பஞ்சர் தன்னையறியாமல்.

ஆசிரியர் மனைவியிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் காரின் சத்தம் தெருமுனை திரும்பும்வரை யாரும் அசையவில்லை.

பிறகு சுவைமன்னர் எழுந்து மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். தொண்டை கிழிந்தது.

"ஏன்டி உண்மையச் சொன்ன? சொல்லுடி! ஏன் உண்மையச் சொன்ன?"

"நீங்கதானே ஒழுங்கா சொல்லச் சொன்னீங்க," என்றாள் அவள்.

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டாள், சட்டையில் ஒட்டிய பருக்கையை எடுப்பதுபோல. உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அவ மெஸ் நடத்தறா, அங்க சமைக்க ஆள் வேணுமாம். கறி மூடி வச்சிருக்கேன், ராத்திரிக்கு ஆகும். பிரிட்ஜ்ல பால் இருக்கு, ஒரு பாட்டில் புதுசு, இன்னொன்னு திரிஞ்சுபோச்சு. இடது பக்கம் இருக்கறது புதுசு." வாசல்வரை போனவள் திரும்பினாள். "கேஸ மூடிட்டேன்."

செருப்பு மாட்டும் சத்தம். கேட் சத்தம். அவ்வளவுதான்.

சுவைமன்னர் கூடத்தின் நடுவே நின்றார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகச் சமையலறைக்குள் ஓடினார். அடுப்பின் குமிழைப் பிடித்தார். எந்தப் பக்கம் திருகினால் மூடும், எந்தப் பக்கம் திறக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பக்கம் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பர்னர் மேல் குனிந்து மூக்கை வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். ரப்பர் குழாயை முகர்ந்தார். சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகர்ந்தார். விளக்கு சுவிட்சுக்கு நீண்ட கை பாதியில் பயந்து நின்றது.

"மேடம்," என்றார், மண்டியிட்டபடியே. "நிஜமா மூடியிருக்காளா? கொஞ்சம் முகர்ந்து பாத்துச் சொல்லுங்க."

பஞ்சர் ஒரு அடி எடுத்துவைத்தான். ஊசி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"உங்க பாட்டில யாரும் தொடலன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிட்டேன் சார்," என்றார். "நீங்க என்னைக் கூப்பிட்டது அதுக்குத்தான்."

தெருவுக்கு வந்ததும் பஞ்சர் தாங்க மாட்டாமல் திரும்பிப் பார்த்தான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று திறந்துகொண்டிருந்தன.

"மேடம், நான் நல்லா மோந்து பாத்தேன். கேஸ் வாசனையே இல்ல. அந்தக்கா மூடிட்டுத்தான் போயிருக்காங்க."

"தெரியும்," என்றார் ஊசி. "சீக்கிரம் நட. இல்லன்னா எந்தப் பால் புதுசுன்னு கேக்க வந்துடுவார்."